செக்டர்களுக்கு நடுவே சில ஊர்கள்

வியாழன் – பன்வேல், நேருள்

திருநெல்வேலியிலிருந்து தாதர் போகும் வாராந்திர வண்டி கொங்கண் பாதை வழியாக வருகிறது. நவி மும்பைக்காரர்கள் தாதர் வரை போக வேண்டியதில்லை. பன்வேலில் இறங்கி லோக்கல் பிடித்தால் அரைமணிக்குள் நேருள். (மாத்தேரான் மலைக்குப் பொம்மை ரயில் புறப்படும் நேரல் வேறு ஊர். டிக்கெட் எடுக்கும்போது அழுத்திச் சொல்லுங்கள்.)

என் அக்காவும் அத்தானும் முப்பது வருஷத்துக்கு மேலாக நவி மும்பையில், இந்த நேருளில் இருக்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒரு காரியத்துக்கு வருவேன், முடிந்ததும் ரயிலேறிவிடுவேன். இந்தத் தடவை ஊரைப் பார்ப்பதற்கென்றே வந்திருக்கிறேன். பார்த்ததை அன்றன்று இரவே எழுதிப் போட்டுவிட உத்தேசம்.

காந்தேஷ்வர், மானசரோவர், கார்கர், பேலாப்பூர், சீவுட்ஸ், நேருள். மும்பைக்குள் பார்க்கும் ஸ்டேஷன்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. நடைமேடை அகலம், கூரை உயரம், வெளியே வண்டி நிறுத்த இடம். வாஷி, பேலாப்பூர் போன்ற இடங்களில் ஸ்டேஷனுக்கு மேலேயே அடுக்கடுக்காக அலுவலகங்கள். இதற்குக் காரணம் பணம் வந்த வழி. இந்தப் பக்கம் ரயில் போடும் செலவில் 67 சதவீதத்தை மகாராஷ்டிர அரசு நிறுவனமான சிட்கோ ஏற்றது, ரயில்வே கொடுத்தது 33 சதவீதம்தான். நகரத்தைக் கட்டிய நிறுவனமே ரயிலையும் கொண்டுவந்தது.

சிட்கோ பிறந்த கதையைச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது. மும்பை தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் தீவு. வேலையெல்லாம் தெற்கு முனையில், வீடெல்லாம் வடக்கே. காலையில் மொத்த ஜனமும் தெற்கே போகும், சாயந்தரம் மொத்தமும் வடக்கே திரும்பும். இந்தப் போக்கைக் கிழக்கே, தானே கழிமுகத்துக்கு அக்கரைக்குத் திருப்பிவிட்டால் என்ன என்று சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, சிரிஷ் பட்டேல் என்ற மூன்று பேர் 1965இல் எழுதினார்கள். 1970 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு சிட்கோவைத் தொடங்கியது. 95 கிராமங்கள், 344 சதுர கிலோமீட்டர், 14 நகர்ப்பகுதிகள் என்று வரைபடம் விரிந்தது. அரசின் தலைமை அலுவலகங்கள் புது நகரத்துக்கு வந்தால் மற்றவர்களும் பின்னால் வருவார்கள் என்பது அந்த மூவரின் எதிர்பார்ப்பு. தலைமைச் செயலகமான மந்திராலயா இன்றுவரை வரவில்லை. புது நகரத்துக்குத் திட்டம் போட்ட அதே காலத்தில் தெற்கு மும்பையில் கடலைத் தூர்த்து நாரிமன் பாயிண்ட்டில் அலுவலகக் கோபுரங்கள் எழுப்ப அனுமதி கொடுத்தார்கள். அந்த முடிவின் விலையை மும்பை ரயில்களில் தொங்குகிறவர்கள் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அக்கா வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டாயிற்று. குழாயில் தண்ணீர் எந்நேரமும் வருகிறது. நவி மும்பை மாநகராட்சிக்குச் சொந்தமாக ஓர் அணை இருக்கிறது, மோர்பே அணை. தூத்துக்குடிப் பக்கம் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்து வளர்ந்தவளுக்கு இது சின்ன விஷயமில்லை.

வெள்ளி – நேருள் கிராமம்

நேருளில் செக்டர் எண் சொன்னால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். தெருக்கள் கட்டம் போட்ட நோட்டுத்தாள் போல நேராக ஓடுகின்றன. நேராக ஓடுகிற தெரு ஓரிடத்தில் சட்டென்று வளைந்து, குறுகி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்தாகிவிட்டால், அங்கே பழைய ஊர் தொடங்குகிறது. சிட்கோ வருவதற்கு முன்பே இருந்த ஊர். நேருள், சார்சோளே, கராவே, தாராவே, திவாளே என்று இந்தக் கரை நெடுக அப்படிப் பல ஊர்கள் செக்டர்களுக்கு நடுவே இருக்கின்றன. வயல் போய்விட்டது, உப்பளம் போய்விட்டது, வீடுகள் இருந்த 'காவ்தான்' மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அக்கா என்னை இன்று அங்கேதான் கூட்டிப்போனாள். "ஏட்டி, பாத்து வா. வாசல்ல கூனி காய வச்சிருக்காவ, மிதிச்சிராத" என்றாள். வாசலில் துணி விரித்துச் சின்ன இறால் காய்ந்துகொண்டிருந்தது. நம் ஊரில் கூனி, இவர்களுக்கு ஜவ்ளா. மணம் ஒன்றுதான்.

அக்காவுக்கு இந்த ஊரில் முதல் வீடு இதுதான். அத்தான் பிறந்தது தாராவியில். அவருடைய அப்பா நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு அங்கே போனவர். அத்தான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, தானே–பேலாப்பூர் சாலையில் இருந்த ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தார். கழிமுகத்தின் மேல் 1973இல் திறந்த பாலம்தான் அப்போது நேர்வழி. தாராவியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து காலை ஷிஃப்ட் பிடிக்க வேண்டும். 1991இல், பெரிய மகள் கைக்குழந்தையாக இருக்கும்போது, இந்தப் பக்கமே வந்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். மான்குர்த்திலிருந்து வாஷிக்கு ரயில் வந்தது அடுத்த வருஷம், 1992 மே மாதம். மாநகராட்சி அமைந்ததும் அதே வருஷந்தான்.

சிட்கோ வீடு அப்போது அவர்களுக்கு எட்டவில்லை. முன்பணம் வேண்டும், சம்பளச் சான்று வேண்டும், குலுக்கலில் பெயர் விழ வேண்டும். செக்டர்களில் வாடகைக்குக் கேட்டால் சாதி விசாரிக்கிறவர்களும் 'மதராசியா?' என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு. கடைசியில் கதவைத் திறந்தது நேருள் கிராமத்து ஆகிரிக் குடும்பம். வீட்டின் பின்பக்கம் ஓர் அறை, தகரக் கூரை, மாதம் 250 ரூபாய், முன்பணம் கிடையாது. அந்த வீட்டுப் பாட்டியை எல்லோரையும் போல அக்காவும் 'ஆயி' என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஆகிரிகள் இந்தக் கழிமுகக் கரையின் பூர்வகுடிகளில் பெரிய சமூகம். கடல்தண்ணீர் ஏறாமல் வரப்புக் கட்டி நெல் போடுவார்கள், உப்பு விளைவிப்பார்கள், ஓடைகளில் மீனும் பிடிப்பார்கள். கோளிகள் முழுநேர மீனவர்கள். இரண்டு சமூகத்துக்கும் கார்லா மலையில் இருக்கும் ஏக்வீரா ஆயிதான் குலதெய்வம்.

ஆயிக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கண் மங்கிவிட்டது, குரல் மங்கவில்லை. நான் உப்பள ஊர்க்காரி என்று அக்கா சொன்னதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டார். உங்கள் ஊரில் எந்த மாதம் பாத்தி கட்டுவீர்கள்? மழை எப்போது வரும்? பெண்கள் தலையில் சுமப்பார்களா? காலில் என்ன போட்டுக்கொள்வார்கள்? அக்கா மராத்தியில் சொல்லச் சொல்ல, தன் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். உப்புத் தண்ணீர் தின்ற வெடிப்பு அறுபது வருஷம் கழித்தும் அப்படியே இருந்தது. என் பெரியம்மா பாதத்திலும் அதே இடத்தில் பார்த்திருக்கிறேன். எங்களுக்குள் அதற்குப் பிறகு அக்காவின் மொழிபெயர்ப்பு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

ஆயி ஒரு காலத்தில் தவளாரின். ஆகிரிக் கல்யாணங்களில் ஒவ்வொரு சடங்குக்கும் உரிய பாட்டைப் பாடி நடத்திவைக்கும் மூத்த பெண்களுக்கு அந்தப் பெயர். அக்காவின் பெரிய மகளுக்கு நலுங்கு வைத்த அன்று ஆயியும் இன்னும் நான்கு பெண்களும் வந்து விடியும்வரை பாடினார்களாம். நலுங்குப் பாட்டு தெரிந்த பெண்கள் நம் பக்கம் குறைந்துபோன காலத்தில், ஒரு திருநெல்வேலிப் பெண்ணின் நலுங்கு ஆகிரிப் பாட்டோடு நடந்திருக்கிறது. எனக்கு அதைக் கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது.

அரிசி மாவு பாக்ரியும் கூனித் தொக்கும் கொடுத்தார்கள். தட்டு காலியாவதற்குள் அடுத்த பாக்ரி விழுந்துகொண்டே இருந்தது.

தகரக் கூரை இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடி நிற்கிறது. இந்தச் சந்துகள் முழுக்க இப்படித்தான். நிலத்தைக் கொடுத்துவிட்ட குடும்பங்களுக்கு மிஞ்சியது வீடு ஒன்றுதான். பிள்ளைகள் பெருகப் பெருக அதன்மேலேயே கட்டிக்கொண்டார்கள். ஒரு மாடியில் தாங்கள், மற்ற மாடிகளில் வாடகைக்கு ஆட்கள். இன்று மாடிப்படி ஏறி இறங்கியதில் தமிழ், தெலுங்கு, போஜ்புரி, வங்காளம், கன்னடம் எல்லாம் காதில் விழுந்தன. காலையில் சைக்கிளில் ஹாரன் அடித்து இட்லி விற்பவர், செக்டர்களில் வீட்டு வேலை பார்க்கும் பெண்கள், காவலாளிகள், ஓட்டுநர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள். இந்த நகரத்தைத் திட்டமிட்டவர்கள் மிகவும் யோசித்தவர்கள், அதை மறுக்கவில்லை. ஆனாலும் வெறுங்கையோடு வந்தவனுக்கு இடம் கொடுத்தது வரைபடம் இல்லை, ஆயி போன்றவர்களின் பின்கட்டு அறைதான். மாநகராட்சிக் கணக்கில் இந்த மாடிகளில் பெரும்பாலானவை அனுமதியில்லாத கட்டடங்கள். யார் இல்லாவிட்டால் நகரம் ஒரு நாள்கூட ஓடாதோ, அவர்களெல்லாம் அனுமதியில்லாத கட்டடத்தில் தூங்கி எழுகிறார்கள்.

சனி – பேலாப்பூர்

இன்று சார்லஸ் கொரியா கட்டிய குடியிருப்பைப் பார்க்கப் போனோம். பேலாப்பூரில் மலையடிவாரத்தில் இருக்கிறது, 'ஆர்ட்டிஸ்ட் வில்லேஜ்' என்றால் எல்லோருக்கும் தெரியும். 1980களின் நடுவில் கட்டியது. அடுக்குமாடி இல்லாமலேயே நெருக்கமாக மக்களைக் குடிவைக்க முடியும் என்று காட்டுவதற்காக, ஏறக்குறைய ஆறு ஹெக்டேரில் சுமார் 550 குடும்பங்களுக்கு இடம் வகுத்தார். ஏழு வீடுகள் சேர்ந்து ஒரு முற்றத்தைச் சுற்றி நிற்கும். அப்படி மூன்று சேர்ந்து கொஞ்சம் பெரிய வெளியைச் சுற்றி நிற்கும். மனையின் அளவு 45 சதுர மீட்டரிலிருந்து 75 வரை. வசதியில் ஏற்றத்தாழ்வு இருந்தாலும் மனையில் பெரிய வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் கிடையாது. பிள்ளைகள் பிறந்தால், காசு சேர்ந்தால், அவரவர் வீட்டை அவரவர் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

அப்படியே கட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். பழைய ஓட்டு வீடுகள் கொஞ்சந்தான் மிஞ்சியிருக்கின்றன. பல மனைகளில் மூன்று மாடி, கண்ணாடி, கிரானைட். கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் சிலர் கேமராவோடு வந்திருந்தார்கள், அழகு கெட்டுப்போயிற்று என்று வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. வீடு வளரும் என்று நினைத்துத்தான் அவர் பொதுச்சுவர் வைக்காமல் விட்டார். நான் பார்க்க நினைத்தது முற்றத்தை. அது இன்னும் முற்றமாகவே இருக்கிறது. மாமரத்து நிழலில் கட்டில் போட்டு ஒரு பெரியவர் படுத்திருந்தார். மூன்று வீட்டு வடகம் ஒரே பாயில் காய்ந்தது. ஓரிரண்டு முற்றங்களில் கார்கள் அடைத்துக்கொண்டு நிற்பதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அத்தான் ஒரு விஷயம் சொன்னார். "நேருள் கிராமத்துல ஆயி வீட்டுக்காரங்க பண்ணதும் இதேதானே. வீட்டு மேல வீடு. இங்க பண்ணா அதுக்குப் பேரு கட்டடக்கலை, அங்க பண்ணா ஆக்கிரமிப்பு." அத்தான் அதிகம் பேசமாட்டார். தொழிற்சாலையை மூடிய பிறகு நிலுவைச் சம்பளத்துக்காகப் பல வருஷம் நடையாய் நடந்த மனுஷன். அவர் வாயிலிருந்து வந்ததால் அந்த வார்த்தை எனக்கு இன்னும் கனமாகப் பட்டது.

மதியம் திவாளே. பேலாப்பூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம், கோளிகளின் கிராமம். கோளிப் பெண்கள் மீனைப் பரப்பி உட்கார்ந்திருந்தார்கள். பொம்பில் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது. ஒரு பெண்ணிடம் பெரிய ஜிதாடா ஒன்று இருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், நம் கொடுவா மீனேதான். கழிமுகத்து மீன்களில் அதற்குத்தான் இங்கே முதல் மரியாதை. விலையைக் கேட்டு அக்கா பின்வாங்கினாள். "முன்னெல்லாம் இத வித்துக்கிட்டே இருப்பாவ. இப்போ எப்பவாச்சும்தான் கண்ணுல படுது." அந்தப் பெண்ணும் அதையே சொன்னார். கழிமுகத்தில் பாலத்துக்குமேல் பாலம், ஓரமெல்லாம் மண் கொட்டியாயிற்று, ஆலைக் கழிவு வேறு. ஓடைகளில் மீன் ஏறுவதில்லை. முன்பு வாசலில் வலை போட்டவர்கள் இப்போது டீசல் போட்டு வெகுதூரம் போகிறார்கள். மகன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். ஒரு கம்பெனி வண்டி ஓட்டுகிறான் என்றார்.

பொம்பிலும் கொஞ்சம் இறாலும் வாங்கினோம்.

ஞாயிறு – செம்பூர்

தைப்பூசம். அத்தானுக்குத் தைப்பூசம் என்றால் செம்பூர் செட்டா நகர் திருமுருகன் கோயில்தான். நேருளிலிருந்து ஹார்பர் லைனில் கழிமுகத்தைத் தாண்டிப் போனோம். கோயில் உயரத்தில் இருக்கிறது, ஏற 108 படி. இன்று படியே தெரியவில்லை. பால்குடம், காவடி, தோளில் பிள்ளைகள். மாட்டுங்காக் குடும்பங்களும் இருந்தன, தாராவிக் குடும்பங்களும் இருந்தன. கல்யாண், டோம்பிவ்லி, வாஷியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள்.

மும்பைத் தமிழர்களின் இடப்பெயர்ச்சியை ரயில் பாதை மேலேயே குறித்துவிடலாம். தென்னிந்திய அலுவலகக் குடும்பங்கள் முதலில் மாட்டுங்காவில் வேர்விட்டன. ஆஸ்திக சமாஜம் 1923, எஸ்.ஐ.இ.எஸ். என்ற தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932. அடுத்தது செம்பூர். பிறகு வாஷி, நேருள். எஸ்.ஐ.இ.எஸ்.ஸே நேருளில் பெரிய வளாகம் கட்டிவிட்டது, அங்கே 33 அடி அனுமார் நிற்கிறார். நெல்லைச் சீமைத் தொழிலாளர்கள் தாராவியில் ஊன்றி, அங்கிருந்து அந்தாப் ஹில், சயான் கோளிவாடா, பிறகு இந்தக் கரையின் கிராமங்கள் என்று வந்தார்கள். இரண்டு பாதையும் நேருளில்தான் பக்கம் பக்கமாக வந்தன. ஒரே ரயில், ஒரே சந்தை. இருந்தாலும் ஒரே வீட்டுக்குள் போய்வருவது இன்னும் குறைவுதான் என்று அக்கா சொல்கிறாள். கோயில் படியில் தோளோடு தோள் உரசுகிற கூட்டம் சாயந்தரம் தனித்தனித் தமிழாகப் பிரிந்துவிடுகிறது. இது எனக்கு ஆறவில்லை.

சாயந்தரம் அக்கா வீட்டுக் கூடத்தில் தமிழ் வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், ஐந்து வயதிலிருந்து பதினைந்து வரை. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. அத்தான் படித்தது அதில்தான். கழிமுகத்துக்கு இந்தப் பக்கம் இந்தப் பிள்ளைகள் போகும் பள்ளிகளில் தமிழ் கிடையாது. வீட்டில் பேசுவார்கள், எழுத்துத் தெரியாது. சின்ன மகள் கல்லூரியில் படிக்கும்போது ஆரம்பித்த வகுப்பை அக்கா விடாமல் நடத்துகிறாள். காசு வாங்குவதில்லை. வருகிற பிள்ளைகளில் இரண்டு பேர் ஆயியின் கொள்ளுப்பேரன்மார். அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது அக்கா வீட்டில் வளர்ந்தவர்கள், தமிழை நெல்லைத் தமிழாகவே பேசுகிறார்கள். அதில் சின்னவன் 'ழ'வைச் சரியாகச் சொன்னான். மற்ற பிள்ளைகள் அவனைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள்.

தமிழ்க் கதைப் புத்தகங்கள் போதவில்லை. படம் போட்டதாக, எழுத்துப் பெரியதாக உள்ளவை வேண்டும். ஊருக்குப் போனதும் முதல் பார்சல் அதுதான்.

திங்கள் – கராவே ஓரம்

விடியற்காலையில் பூநாரை பார்க்கப் போனோம். கடல்சார் பயிற்சி நிலையத்துக்குப் பின்புறம், அலையாத்திக் காட்டை ஒட்டிய சதுப்பு. தை, மாசி, பங்குனி மாதங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். 2019இல் கழிமுகம் முழுக்க எடுத்த கணக்கில் லட்சத்துக்கு மேல் வந்தன. அலை வற்றும்போது கழிமுகச் சேற்றில் மேயும். அலை ஏறிச் சேறு மூழ்கியதும் கூட்டமாக எழுந்து இந்தக் கரையோரக் குட்டைகளுக்கு வந்து நிற்கும். அதனால் பார்க்கப் போகிறவர்கள் அலை நேரம் பார்த்துப் போக வேண்டும். நாங்கள் போனபோது அலை ஏறிக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாக வந்து இறங்கின.

தானே கழிமுகத்தை 2015இல் பூநாரை சரணாலயமாக அறிவித்தார்கள், 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அலை ஏறும் நேரத்தில் பறவைகள் தங்கும் இந்தக் குட்டைகள் சரணாலயத்துக்கு வெளியே இருக்கின்றன. சீவுட்ஸ் பக்கம் உள்ள டி.பி.எஸ். ஏரியில் கடல்தண்ணீர் வரும் வாய்கள் அடைபட்டு, 2024இல் பறவைகள் வழி தெரியாமல் சாலையில் இறங்கின, சில செத்தும் போயின. குடியிருப்பு மக்கள் விடாமல் போராடினார்கள். 2025இல் அந்த ஏரியைக் காப்பிடமாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புக்கொண்டது. ஊர் முழுக்கத் தெருமுனைகளில் பூநாரைச் சிலை வைத்திருக்கிறார்கள். சிலைக்குச் செலவழித்த அக்கறை தண்ணீர் வரும் வாய்க்காலிலும் இருக்க வேண்டும். நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு கோளிப் பெரியவர் சொன்னது: "தண்ணி வந்தா மீனும் வரும், பட்சியும் வரும். வழிய விட்டா போதும்."

பகலில் சந்தைக்கு ஒரு நடை. துர்பேயை ஒட்டிய மொத்தச் சந்தையில் வெங்காயம்–உருளை, பழம், காய்கறி, மசாலா, தானியம் என்று ஐந்து அங்காடிகள். நம் ஊர் முருங்கைக்காயும் தேங்காயும் லாரியிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். இறக்குகிறவர்கள் மாத்தாடித் தொழிலாளர்கள். 1969இலேயே அவர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. வெயில் தாங்காமல் சீக்கிரமே திரும்பிவிட்டோம்.

செவ்வாய் – ஜாசை

ஆயியின் பேரன் இன்று எங்களோடு வந்தார். நேருளிலிருந்து உரண் லைன் போகிறது, 2024 ஜனவரியிலிருந்து உரண் வரைக்கும் ஓடுகிறது. அதே நாள் திறந்த அடல் சேது என்ற கடல்பாலம் ரயில் ஜன்னலிலிருந்து தெரிகிறது, 21.8 கிலோமீட்டர். இந்தப் பக்கம் 2025 அக்டோபர் 8 அன்று திறந்த விமான நிலையம். அதற்காக மலையை வெட்டி, உல்வே ஆற்றைத் திருப்பி, பத்து கிராமங்களை எழுப்பினார்கள்.

பாதி வழியில் இறங்கி ஆட்டோவில் ஜாசை. தி. பா. பாட்டீல் பிறந்த ஊர், 1926. வழக்கறிஞர், உழவர் தொழிலாளர் கட்சிக்காரர், சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இருந்தவர். சிட்கோவுக்கு எடுத்த நிலத்துக்கு நியாயமான விலை கேட்டு அவர் தலைமையில் 1984 ஜனவரி 16, 17 தேதிகளில் விவசாயிகள் திரண்டார்கள். போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் எடுத்த நிலத்தில் பன்னிரண்டரை சதவீதத்தை வளர்ச்சி செய்த மனையாகத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் வந்தது. 'சாடேபாரா டக்கே' என்று இங்கே பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். பிறகு நாட்டின் மற்ற இடங்களில் நிலம் எடுக்கும்போது கேட்பதற்கு ஒரு முன்மாதிரியாக அது ஆனது. 2013இல் பாட்டீல் காலமானார். விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கச் சொல்லி 2021 ஜூனில் பேலாப்பூரில் பெருங்கூட்டம் திரண்டது, அடுத்த ஆண்டு மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

நினைவிடத்தில் பேரன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், நாங்களும் கும்பிட்டோம். 1984இல் துப்பாக்கிச்சூடு நடந்த அன்று ஆயியும் கூட்டத்தில் இருந்தாராம், இடுப்பில் இவருடைய சித்தப்பாவோடு. எனக்கு இது வெள்ளிக்கிழமை தெரியாது. தெரிந்திருந்தால் உப்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்திருக்க மாட்டேன். நாளைக் காலை ஆயியைப் பார்த்து இதைக் கேட்க வேண்டும்.

திரும்பும் வழியில் பேரன் தன் வீட்டுக் கவலையைச் சொன்னார். கிராமத்து வீடுகளை முறைப்படுத்தித் தருவதாகப் பேச்சு வருகிறது, போகிறது. அவர்கள் வீட்டின் பின்கட்டு எந்த வருஷம் கட்டியது என்பதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் வக்கீல். மின் இணைப்பு பிறகு வாங்கியது, வரி ரசீது கரையான் தின்றுவிட்டது. அத்தான் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பரண்மேலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். தொழிற்சாலை அடையாள அட்டை, மகள்களின் மார்க் ஷீட், தாராவி ரேஷன் கார்டு, அதற்கடியில் நூல் கட்டிய சின்னச் சீட்டுகள். மாதாமாதம் 250 ரூபாய், 1991 ஜூனிலிருந்து, ஆயியின் கைநாட்டோடு. வாடகைக்கு வந்த நாளிலேயே ரசீது கேட்டு வாங்கியிருக்கிறார். "கம்பெனிக்காரன் வாடகைப்படி குடுக்க ரசீது கேப்பான், அதுக்காக வாங்குனேன்" என்றார்.

எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிவிட்டோம். மூன்று மாதச் சீட்டு இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது. நாளை மறுநாள் பேரனோடு அத்தானும் வக்கீலைப் பார்க்கப் போகிறார். ஜெராக்ஸ் எடுக்க நான் காலையிலேயே ஸ்டேஷன் பக்கம் போக வேண்டும்.